மூன்று இரவுகளின் கணக்கு

வாப்பா மௌத்தாகிச் சில வருடங்கள் கழித்து, பழைய தகரப் பெட்டியொன்றை ஒழுங்குபடுத்தும்போது ஓர் அப்பியாசக் கொப்பி கிடைத்தது. எல்லவிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையோரத்தில் அவர் நடத்திய சில்லறைக் கடையின் கடன் கொப்பி என்றுதான் முதலில் நினைத்தேன். தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள் சம்பளத்துக்குச் சம்பளம் தீர்க்கும் கணக்குத்தான் முதல் பக்கங்களில் இருந்தது. மாவு, சீனி, மண்ணெண்ணெய், புகையிலை. நடுப்பக்கத்தில் கணக்கு மாறியது. ஒரு கோடு இழுத்து, "1991 ஏப்ரல்" என்று எழுதி, மணித்தியாலம் மணித்தியாலமாக இலக்கங்கள். ஓரத்தில் இஸ்கோப்ப, ஹாரத, கலாபர, ருவித என்ற சொற்கள் தமிழ் எழுத்தில்.

அந்த ஏப்ரலை நான் மறக்கவில்லை. எனக்குப் பதினொரு வயது. சித்திரைப் புத்தாண்டு லீவு. வாப்பா மூன்று இரவுகள் தொடர்ந்து வீட்டுக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தவர் ஒன்றும் பேசாமல் படுத்துக்கொண்டார். பண்டாரவளை மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய புத்தாண்டுச் சரக்குப் பணம் கையில் இல்லை. உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. ஜூன் மாதம் கடையைப் பூட்டினோம். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசும் வழக்கம் இல்லை. சூதாடி அழிந்தவர்களைப் பற்றி உபதேசம் கேட்டிருக்கிறேன். ஆனால் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் என்ன நடந்தது என்று ஆடியவரே எழுதி வைத்த கணக்கை அன்றுதான் கண்டேன். வாப்பா கடைக்காரர். தோற்பதையும் வரவு செலவாகத்தான் எழுதியிருந்தார்.

நான் கணிதம் படிப்பிப்பவன். ஆகவே அந்தக் கொப்பியை வாசிக்க எனக்கிருந்த கருவி கணிதந்தான். வரலாறு அதற்குப் பின்னால் தானாக வந்து சேர்ந்தது.

முதலில் அந்தச் சொற்கள். இஸ்கோப்ப என்பது ஒல்லாந்து மொழியின் 'ஸ்கொப்பன்'. ஹாரத அவர்களது 'ஹார்ட்டன்', கலாபர 'கிளாவரன்', ருவித 'ரௌத்தன்'. தமிழரும் சிங்களவரும் ஒன்றுபோலச் சொல்லும் துரும்பு, ஒல்லாந்தரின் 'துரூஃப்'. 1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தக் கும்பனி கண்டி இராச்சியத்து மலைகளைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அவர்களுடைய சீட்டுக்கட்டு ஊவா வரை ஏறிவிட்டது. முன்னூற்று நாலு என்று நாம் ஆடுகின்ற ஆட்டத்தில் ஆசையும் ராஜாவையும் கீழே தள்ளிவிட்டு ஜாக்கும் ஒன்பதும் மேலே நிற்பதற்கும் ஒல்லாந்தர் ஆட்டத்தின் உறவுதான் காரணம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76. நான்கு இனத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயரே ஒரு கூட்டல் கணக்கு என்று என் மாணவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களில் பலருக்கு அந்த ஆட்டம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

கொப்பியின்படி முதல் இரண்டு இரவுகளும் ஆறு பேர் இருந்து மூன்று சீட்டு ஆடியிருக்கிறார்கள். லொறிச் சாரதி ஒருவர், மரக்கறி வியாபாரி ஒருவர், தோட்டத்துக் காவற்காரர், வேறு இருவர், வாப்பா. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள். பேதமின்றி ஒன்றாக இருந்த இடம் அது என்று எழுதக் கை வருகிறது, அதை எழுதுவதில் எனக்குச் சந்தோஷமில்லை. மூன்றாம் இரவு நால்வர் மட்டும், இருவர் இருவராகச் சேர்ந்து முன்னூற்று நாலு ஆடியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு ஆட்டத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 1967இல் ஒரு வழக்கில் பேசியது. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் இடையிலான வழக்கு அது. ரம்மி ஆடுபவன் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமையின் ஆட்டம். மூன்று சீட்டு அப்படியல்ல, அது வெறும் அதிர்ஷ்டம் என்பது தீர்ப்பின் சாரம்.

அதற்கு ஆயிரம் வருடம் முன்பே இந்த விவாதம் அரபு மொழியில் நடந்திருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் மஸ்ஊதி தனது 'முரூஜுத் தஹப்' நூலில் இந்திய அரசர்களைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு விளையாட்டுகளை எதிரெதிரே வைக்கிறார். ஒன்று நர்து, தாயக்கட்டை உருட்டி ஆடுவது. எவ்வளவு கெட்டிக்காரனானாலும் கட்டை விழுந்தபடிதான் கிடைக்கும் என்பதால் அது உலகில் ரிஸ்க் கிடைக்கும் விதத்தைக் காட்டுவது. மற்றது சதுரங்கம், அறிவும் முன்யோசனையும் உள்ளவன் வெல்வதைக் காட்டுவது. கத்ரு, இக்தியார் பற்றிய பெரிய வாதங்களை இரண்டு பலகைகளில் வைத்துப் பார்த்த காலம் அது.

மைஸிர் என்ற சொல்லை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் ஜாஹிலியாக் காலத்து அரபிகள் அதை எப்படி ஆடினார்கள் என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. பத்து அம்புகள். ஏழு அம்புகளுக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை பங்கு, மூன்று அம்புகள் வெறுமை. ஒட்டகம் ஒன்றை அறுத்துப் பங்கிடுவார்கள். வெறும் அம்பு வந்தவன் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். இது குளிர்காலத்தில், பஞ்ச காலத்தில் ஆடப்பட்டது. வென்றவன் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோவது இழிவு, ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஸூரத்துல் பகராவின் 219ஆம் வசனம் மதுவையும் சூதையும் பற்றிச் சொல்லும்போது மனிதருக்கு அதில் பயன்களும் உண்டு, பாவமே பெரிது என்ற முறையில் பேசுவதன் பின்னணி இதுவென்று விரிவுரையாளர்கள் சொல்வார்கள். முற்றான தடை ஸூரத்துல் மாயிதாவின் 90ஆம் வசனத்தில் வருகிறது. வாப்பாவின் கொப்பியில் ஏழைக்குப் போன இறைச்சி எதுவும் இல்லை. ஆனால் சூது ஒரு காலத்தில் தானத்தின் வேஷத்தில் நின்றது என்பதை அறிந்த பிறகு, இன்று அபிவிருத்திக்கென்றும் ஆஸ்பத்திரிக்கென்றும் சொல்லி விற்கப்படும் லொத்தர் சீட்டுகளை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். இலங்கையில் தேசிய லொத்தர் சபை 1963இல் அமைந்தது. அதற்கு முன்பே ஆஸ்பத்திரி லொத்தர் இருந்தது.

கொப்பிக்கு வருகிறேன். முதல் இரவு வாப்பாவுக்கு 620 ரூபா இலாபம். இரண்டாம் இரவு ஒரு மணி வரை 880 கூடுதல். மூன்று மணிக்கு அந்த 880 இல்லை. ஐந்து மணிக்கு 5,220 நட்டம். இரவின் கடைசி இரண்டு மணித்தியாலம் குடும்பத்தைத் தின்றிருக்கிறது.

இது வாப்பாவின் தனிப்பட்ட பலவீனம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். 2011இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தையும் சிங்கப்பூரையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுகதேகிகளான இளைஞர்களை இரவு முழுக்க விழிக்க வைத்து, காலையில் பணம் சம்பந்தமான தெரிவுகளைச் செய்யச் சொன்னார்கள். நித்திரை கொண்ட நாளில் நட்டத்தைத் தவிர்க்கப் பார்த்தவர்கள், நித்திரை இல்லாத நாளில் பெரிய இலாபத்தைத் துரத்தினார்கள். மூளையில் இலாபத்துக்குத் துள்ளும் பகுதி கூடத் துள்ளியது, நட்டத்துக்குச் சுருங்கும் பகுதி மந்தமாகியது. தமிழ்நாட்டில் 2025இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதியொன்று இதையே சட்டமாக்கியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு பன்னிரண்டு மணி முதல் அதிகாலை ஐந்து மணி வரை மூடிவைக்க வேண்டும் என்றது. கம்பனிகள் சென்னை உயர் நீதிமன்றம் போயின. அவ்வருட ஜூன் மாதம் நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதம் இந்திய மத்திய அரசு பணத்துக்கு ஆடும் இணைய விளையாட்டை முற்றாகவே தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டு வந்தது. பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் இடையிலான அந்த நேரத்தை வாசித்தபோது நான் கொப்பியைத் திறந்து மறுபடி பார்த்தேன்.

விழித்திருப்பதையே ஒரு சாதனையாக்கியவர்களும் உண்டு. 2010இல் லாஸ் வேகாஸ் நகரில் பில் லாக் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் 115 மணித்தியாலம் தொடர்ந்து போக்கர் ஆடி உலக சாதனை என்று பதிந்தார். முடிவில் அவருக்குக் கிடைத்த இலாபம் சுமார் 6,700 டொலர். மணித்தியாலத்துக்கு அறுபது டொலரும் இல்லை. பத்திரிகையாளர் சூழ, உலகமே பார்க்க, ஆடுவதையே தொழிலாகக் கொண்டவர் ஐந்து நாட்கள் கண்விழித்ததற்கு அவ்வளவுதான்.

இரண்டாம் இரவின் ஓரத்தில் வாப்பா ஒரு சொல்லை ஐந்தாறு இடத்தில் எழுதியிருக்கிறார்: "இனி வரும்". தொடர்ந்து தோற்ற பிறகு எழுதியது. 1913 ஓகஸ்ட் 18ஆம் திகதி மொண்டி கார்லோ சூதாட்ட மாளிகையில் சுழல் சக்கரத்தில் கறுப்பு நிறம் தொடர்ந்து 26 தடவை விழுந்தது. பதினைந்து தடவைக்குப் பிறகு சனம் முண்டியடித்துச் சிவப்பில் பணம் கட்டியது. இனிச் சிவப்புத்தானே வரவேண்டும்! இலட்சக்கணக்கில் போயிற்று. சக்கரத்துக்கு ஞாபகம் இல்லை. சீட்டைக் கலைத்துப் போட்டால் அதற்கும் இல்லை. ஞாபகம் வைத்திருப்பவன் மனிதன் மட்டுமே, அவனும் தப்பாக வைத்திருக்கிறான்.

நீண்ட நேரம் ஆடுவது யாருக்கு நன்மை? பதினேழாம் நூற்றாண்டில் இதற்குக் கணக்குப் போட்டார்கள். பஸ்கால் 1656இல் கிளப்பிய கேள்வியொன்றை ஒல்லாந்தரான ஹைகன்ஸ் 1657இல் தான் வெளியிட்ட சிறு நூலின் கடைசிக் கணக்காகச் சேர்த்தார். இருவர், ஒருவர் கை வெறுமையாகும் வரை ஆடுகிறார்கள். யார் முதலில் அழிவார்? ஆட்டம் முற்றிலும் நியாயமானது, இருவரும் சமமான கெட்டிக்காரர்கள் என்றே வைத்துக்கொள்வோம். என்னிடம் ஒரு பங்கு, எதிரியிடம் ஒன்பது பங்கு. முடிவு வரை ஆடினால் பத்தில் ஒன்பது தடவை அழிவது நான். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. மரக்கறி வியாபாரியின் மடியில் கனம் இருந்தது. வாப்பாவின் கையில் இருந்தது இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டிய பணம்.

நம் பழைய கதைகள் இதைக் கணக்கில்லாமலே அறிந்திருந்தன போலிருக்கிறது. தருமனின் சூது எல்லோர் வாயிலும் உள்ளது. எனக்கு நளன் கதையே பெரிதாகப் படுகிறது. வியாச பாரதத்தின்படி நளனும் புட்கரனும் பல மாதங்கள் ஆடினார்கள். மாதக்கணக்கில் ஆடி நளன் நாட்டை இழந்தான். பின்பு வாகுகன் என்ற பெயரில் இருதுபன்னனுக்குத் தேரோட்டும்போது, ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் கிளைகளிலுள்ள இலையையும் காயையும் மன்னன் எண்ணிச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. குதிரை வித்தையைக் கொடுத்துச் சூதின் வித்தையை வாங்கிக்கொள்கிறான். தான்றிக்காய்தான் வேத காலத்தில் உருட்டிய சூதுக்காய் என்பதை நினைத்தால் கதாசிரியர் சும்மா அந்த மரத்தை அங்கே நட்டு வைக்கவில்லை என்று தெரியும். அதன் பிறகு நளன் புட்கரனை அழைத்து ஒரே ஒரு பந்தயத்தில் எல்லாவற்றையும் மீட்கிறான். இழந்தது பல மாதத்தில், மீட்டது ஒரே வீச்சில். டூபின்ஸ், சாவேஜ் என்ற இரு கணித அறிஞர்கள் 1965இல் வெளியிட்ட நூலொன்றில், உனக்குப் பாதகமான ஆட்டத்தில் சிறுகச் சிறுக நெடுநேரம் ஆடாதே, ஒரு குறித்த தொகை வேண்டுமானால் துணிந்து சில தடவையில் முடித்துக்கொள் என்று நிறுவினார்கள்.

பாதகம் எங்கே இருந்தது? வாப்பா ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "வீட்டுக்கு 5" என்று எழுதியிருக்கிறார். கைக்கு ஐந்து ரூபா. சராசரி ஒரு கைக்கு நடுவில் சேர்ந்தது நூறு ரூபா. இடம் கொடுத்து, பெற்றோல்மக்ஸ் கொளுத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர் எடுத்துக்கொண்ட பங்கு அது. இந்த நூற்றுக்கு ஐந்து கௌடில்யர் காலத்துக்குரியது. அர்த்தசாஸ்திரத்தில் சூதுக்கென ஓர் அதிகாரி இருக்கிறார். வென்றவனிடம் நூற்றுக்கு ஐந்து வாங்குகிறார். காய்க்கு வாடகை, தண்ணீருக்கும் இடத்துக்கும் தனிக் கட்டணம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கை என்றால் மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு. இரவு ஒன்பதிலிருந்து ஐந்து வரை 96 கை, 480 ரூபா. இரண்டு இரவில் 960. ஒரு சீட்டையும் தொடாத மனிதருக்கு அது. பொது இடத்திலும் சூதுக்கென நடத்தும் இடத்திலும் ஆடுவதைத் தடைசெய்யும் சூதாட்டக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1889ஆம் ஆண்டிலிருந்து உண்டு. புத்தாண்டுக் காலத்தில் அது கண்ணயர்வதும் உண்டு.

மூன்றாம் இரவுதான் எனக்கு மிகவும் பிடித்த பக்கம். பிடித்த என்று எழுதலாமா தெரியவில்லை. நால்வரும் ஆளுக்கு 400 போட்டு, 1,600 ரூபா. ஒரு கைக்கு ஒரு காய், முதலில் பத்துக் காய் எடுக்கும் சோடிக்கு முழுப்பணம். வாப்பாவின் சோடி எட்டு, எதிர்ச் சோடி ஏழு என்றிருந்தபோது சுபஹு பாங்குக்கு முன் ஒரு மௌத்துச் செய்தி வந்திருக்கிறது. நால்வரில் ஒருவருக்குச் சொந்தம். ஆட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். நடுவிலிருந்த பணத்தை எப்படிப் பிரிப்பது? "8க்கு 7" என்று எழுதிப் பிரித்திருக்கிறார்கள்.

இத்தாலியரான லூக்கா பச்சியோலி 1494இல் அச்சிட்ட தனது கணக்கு நூலில் இதே கேள்விக்குச் சொன்ன விடையும் இதுதான். வென்ற ஆட்டங்களின் விகிதத்தில் பிரி. பார்க்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒரே ஓர் ஆட்டம் முடிந்து ஒன்றுக்குப் பூச்சியம் என்றிருக்கும்போது கலைந்தால், முதலாமவன் முழுவதையும் எடுத்துக்கொண்டு போவான். சூதாடி அழிந்து, மனைவியின் நகையை அடகு வைத்ததைத் தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதிய கார்டானோ என்ற வைத்தியரும் இதில் தலையிட்டார். நாற்பது வருடம் சதுரங்கமும் இருபத்தைந்து வருடம் தாயமும் ஆடியவர். பச்சியோலி பிழை என்று கண்டார், சரியான விடையை எட்டவில்லை. 1654இல் தான் பஸ்காலும் பெர்மாவும் கடிதப் போக்குவரத்தில் அதைத் தீர்த்தார்கள். முடிந்துபோன ஆட்டத்தைப் பார்க்காதே, முடியாத ஆட்டத்தை எண்ணு என்பது பெர்மாவின் வழி. வாப்பாவின் சோடிக்கு இன்னும் இரண்டு காய் வேண்டும், மற்றவர்களுக்கு மூன்று. அதிகபட்சம் நான்கு கைகளில் முடிந்துவிடும். நான்கு கைகளும் விழக்கூடிய விதங்கள் 16. அவற்றில் 11இல் வாப்பாவின் சோடி வெல்லும், 5இல் மற்றச் சோடி. ஆகவே 11க்கு 5. 1,600இல் 1,100 அவர்களுக்குச் சேரவேண்டும், வாப்பாவுக்கு 550. நிகழ்தகவு என்று க.பொ.த. சாதாரண தரத்தில் நாம் படிப்பிக்கும் பாடம், கலைந்துபோன ஒரு சூதாட்டத்தின் பணத்தைப் பிரிக்கப்போய்ப் பிறந்தது.

வாப்பா எடுத்தது 405 என்று கொப்பி சொல்கிறது. 400 போட்டு 405. ஆனால் எட்டுக்கு ஏழு என்று பிரித்தாலும் 426 வரவேண்டும். இருபத்தொரு ரூபா எங்கே போயிற்று என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. பீடிக்கும் தேத்தண்ணிக்கும் கொடுத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

போன தவணையில் பத்தாம் வகுப்புக்கு இந்தக் கணக்கைப் பலகையில் எழுதினேன். யாருடைய கணக்கு என்று சொல்லவில்லை. முதல் இரண்டு இரவின் விபரத்தையும் சேர்த்தே கொடுத்திருந்தேன். பதினாறு விதங்களையும் பிள்ளைகள் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை, தோட்டத்திலிருந்து நடந்து வருபவள், கையை உயர்த்தினாள்.

"சேர், வீட்டுக்காரர் நூத்துக்கு அஞ்சு எடுக்கிறவர்தானே. மூணாம் ராத்திரியும் எடுத்திருப்பாரே?"

1,600இல் நூற்றுக்கு ஐந்து 80. மீதி 1,520. அதை எட்டுக்கு ஏழாகப் பிரித்து, கிடைத்ததில் பாதி. பலகையிலேயே செய்து பார்த்தேன். 405 ரூபா 33 சதம்.